கடலோரத்தில் டிரைவும் இன்வெர்ட்டரும் சூடாகாமல் ஓட: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராமநாதபுரம் கரையோரத்தில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எங்கே ஒரு சோலார் இன்வெர்ட்டரோ, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவோ சூட்டில் ட்ரிப் ஆனாலும் (தானாக நின்றுபோனாலும்), சுற்றி நிற்பவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "வெயில் அப்படி அடிக்குது." வெயில்தான் காரணம் என்றால், கரையைவிட அதிகம் காயும் கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் தினம் ஒருமுறை படுத்துக்கொள்ள வேண்டும். நம் பக்கத்தில் இந்தப் பெட்டிகளைக் கெடுப்பது பெரும்பாலும் உப்பு. உள்ளே பிறக்கும் சூடு வெளியே வருகிற பாதையை அது கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கிறது. அடைத்த பிறகு "காற்று பத்தலை" என்று இன்னொரு ஃபேனை மாட்டுகிறோம். அந்த ஃபேன் இன்னும் கொஞ்சம் உப்பை உள்ளே இழுத்து வைக்கிறது.

ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்துவிட்டு சோலார் வேலைக்கும், ஐஸ் கம்பெனி, இறால் பண்ணை, ஆர்.ஓ. பிளாண்ட் பேனல் வேலைக்கும் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடற்கரையில் வேலை செய்கிறவர் மனதில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: காற்று ஹீட் சிங்குக்கு (சூட்டை வெளியே விடும் அலுமினியக் கட்டைக்கு) போகட்டும், போர்டுக்கு (எலக்ட்ரானிக் சர்க்யூட் பலகைக்கு) போக வேண்டாம். மற்றதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

திறப்பதற்கு முன்

415 வோல்ட் டிரைவின் உள்ளே இருக்கும் டி.சி. பஸ்ஸில் (ஏ.சி.யை டி.சி.யாக மாற்றித் தேக்கும் பகுதியில்) ஏறக்குறைய 560 முதல் 600 வோல்ட் வரை நிற்கும். மெயினை அணைத்ததும் அது போய்விடாது, கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கும். டிரைவின் மேலேயே எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள், பொதுவாக 5 முதல் 15 நிமிடம். காத்திருந்த பிறகும் டி.சி. பிளஸ், மைனஸ் முனைகளில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். எல்.இ.டி. அணைந்துவிட்டது என்பதை நம்பக் கூடாது. சோலாரில் ஏ.சி. பக்கம் அணைத்தால் மட்டும் போதாது. டி.சி. ஐசொலேட்டரையும் அணைக்க வேண்டும், பகலில் பேனல்கள் மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். லோடு ஓடும்போது டி.சி. கனெக்டரைப் பிடுங்கினால் தீப்பொறி நீளமாக வரும், கை போகும்.

இன்னொன்று. உத்தரவாதம் முடியாத சோலார் இன்வெர்ட்டரை நீங்கள் திறக்கவே வேண்டாம். வெளியே இருக்கும் ஃபேன், ஃபின் (சிங்கின் அலுமினிய இதழ்), வயர் முனை, இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சூடு எங்கே பிறக்கிறது

டிரைவானாலும் இன்வெர்ட்டரானாலும் உள்ளே இருக்கும் பவர் மாட்யூல்தான் முக்கிய அடுப்பு. அதில் ஐ.ஜி.பி.டி. என்னும் சுவிட்ச் சில்லுகள் ஒரு நொடிக்குப் பல ஆயிரம் முறை ஆன், ஆஃப் ஆகின்றன. ஆனாக இருக்கும்போது கொஞ்சம் இழப்பு, ஒவ்வொரு முறை மாறும்போதும் கொஞ்சம் இழப்பு. 97 சதவீதத் திறனுள்ள 5 கிலோவாட் இன்வெர்ட்டர் முழு லோடில் ஓடினால் ஏறக்குறைய 150 வாட் சூடாகவே போகிறது. 10 ஹெச்.பி. மோட்டாரை ஓட்டும் டிரைவில் 200 வாட்டுக்கு மேல். 25 வாட் சால்டரிங் அயர்ன் எட்டு ஒன்பதை ஒரு டப்பாவுக்குள் போட்டு நாள் முழுக்க எரியவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள், கணக்கு புரியும்.

அந்தச் சூடு சில்லிலிருந்து கீழே இறங்குகிறது. முதலில் சால்டர், அடுத்து இரு பக்கமும் செம்பு ஒட்டிய செராமிக் தகடு, அதற்கடுத்து மாட்யூலின் செம்பு அடித்தகடு, நடுவே பூசும் வெப்ப பேஸ்ட், அலுமினிய ஹீட் சிங்க், கடைசியில் காற்று. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தடை உண்டு. ஒரு வாட் கடக்க எத்தனை டிகிரி ஏறுகிறது என்று அந்தத் தடையைச் சொல்வார்கள். கணக்கு வெறும் பெருக்கல்தான்.

ஒரு மாதிரிக்கு: வெளிக்காற்று 38 டிகிரி. இழப்பு 200 வாட். சிங்கின் தடை வாட்டுக்கு 0.2 டிகிரி. அப்படியானால் சிங்க் 40 டிகிரி ஏறி 78இல் நிற்கும். பேஸ்டில் வாட்டுக்கு 0.03 என்றால் இன்னொரு 6 சேர்ந்து 84. ஆறு சில்லுகளும் சமமாகப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 33 வாட் சுமார், அதன் உள் தடை 0.6 என்றால் 20 டிகிரி. ஆக சில்லு 104 டிகிரியில் ஓடும். சிலிக்கான் ஐ.ஜி.பி.டி.க்கு உச்ச வரம்பு பெரும்பாலும் 150 அல்லது 175, ஆகவே இது நல்ல நிலை. இப்போது ஃபின்னில் உப்பும் தூசியும் அடைத்து 0.2 என்பது 0.35 ஆகிவிட்டது என்று வையுங்கள். சிங்க் மட்டும் 108ஐத் தொடும். அதற்கு முன்பே டிரைவ் ட்ரிப் ஆகிவிடும். வெளியே வெயில் ஒரு டிகிரிகூட ஏறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கெப்பாசிட்டரையும் மறக்க வேண்டாம். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குப் பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. 105 டிகிரியில் 5,000 மணி நேரம் என்று எழுதியிருப்பது 75 டிகிரியில் ஓடினால் 40,000 மணி நேரம் தாங்கும். 65இல் ஓடினால் 80,000. பெட்டிக்குள் பத்து டிகிரி குறைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதிலேயே தெரியும்.

உப்பு என்ன செய்கிறது

பாம்பன் பகுதியின் அரிப்பு ஊருக்கே தெரிந்த கதை. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தை அத்தனை காலம் காப்பாற்றியதில் பெயின்டுக்கும் பராமரிப்புக்கும் பெரும் பங்கு. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் ஒரு கிளை வைத்து அரிப்பை ஆராய்கிறது என்றால், இந்தக் காற்றுக்கு எவ்வளவு மரியாதை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சமையல் உப்பு காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கசியத் தொடங்கும். கடல் காற்றில் வருவது அது மட்டும் இல்லை. கூடவே மக்னீசியம் குளோரைடும் வருகிறது, அதற்கு 33 சதவீத ஈரமே போதும். நம் கரையில் காற்று அவ்வளவு காய்ந்திருக்கும் நாள் அபூர்வம். அதனால் போர்டில் படிந்த கடல் உப்பு ஏறக்குறைய எப்போதும் ஈரமாகவே இருக்கும். அந்த ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும். சும்மா நிற்கிற போர்டில்கூடக் கால்களுக்கு நடுவே கசிவு வரும், பச்சை பூக்கும், டிராக் அறுந்துபோகும்.

ஃபின்னில் நடப்பது வேறு. ஐஸ் கம்பெனியில் ஓடிய ஒரு டிரைவின் ஃபேனைக் கழற்றி, சிங்கின் வாயை டார்ச் அடித்துப் பாருங்கள். காற்று நுழையும் முதல் ஒரு சென்டிமீட்டரில்தான் அடைப்பு இருக்கும். சாம்பல் நிறத்தில், தொட்டால் பிசுபிசுப்பாக, கம்பளி போல ஒரு படலம் ஃபின்னுக்கும் ஃபின்னுக்கும் நடுவே பாலம் கட்டியிருக்கும். ஈர உப்பு பிசின் வேலை செய்கிறது. அதில் கோணி நூல், டீசல் கரி, மணல் தூள் எல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. உள்ளே இருக்கும் மீதி ஃபின்கள் பெரும்பாலும் பளிச்சென்று இருக்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்துவிட்டு "சுத்தமாத்தான் இருக்கு" என்று மூடுகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

எங்கே மாட்டுவது

உப்பு கரையிலிருந்து உள்ளே போகப்போக வேகமாகக் குறையும். முதல் சில நூறு மீட்டர்தான் மோசம். அதனால் பண்ணையில் இடம் இருந்தால் பேனலை ஐம்பது மீட்டர் உள்ளே தள்ளி, கேபிளை நீட்டுங்கள் என்று முதலாளியிடம் சொல்லிப் பாருங்கள். கேபிள் விலையைப் பார்த்து முகம் சுளிப்பார். ஒரு மாட்யூல் மாற்றும் செலவைச் சொன்னால் யோசிப்பார். ஒன்று மட்டும்: டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே கேபிள் நீளுவதற்கு வரம்பு உண்டு, கையேட்டில் பாருங்கள். அதைத் தாண்டினால் நடுவே சோக் (சுருள்) போட வேண்டிவரும்.

எந்தச் சுவரில் மாட்டுவது என்பது ஊரைப் பொறுத்தது. ஏர்வாடி, கீழக்கரை, சேதுக்கரை பக்கம் கடல் தெற்கே இருக்கிறது. ஆனி, ஆடியில் வீசும் தென்மேற்குக் காற்றான கச்சான் மணலையும் உப்பையும் சேர்த்துக் கொண்டுவரும். அங்கே தெற்கும் மேற்கும் பார்த்த சுவர் வேண்டாம். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கடல் கிழக்கே. அங்கே ஐப்பசிக்குப் பிறகு வரும் வாடையும் கொண்டலும்தான் உப்புக் கொண்டுவரும்; கிழக்கையும் வடக்கையும் தவிர்க்கலாம். ராமேஸ்வரம் தீவில் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. எந்தப் பக்கமும் தப்பாது, ஒரு தடுப்புச் சுவர் கட்டுவதே வழி.

நிழல் கட்டாயம். நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் கொட்டுகிறது. அரை மீட்டருக்கு நாற்பது சென்டிமீட்டர் முகமுள்ள ஒரு இன்வெர்ட்டர் அதில் பாதியை உறிஞ்சினாலே 100 வாட். தன் சொந்தச் சூடு 150 வாட்டோடு இதையும் அது வெளியே தள்ள வேண்டும். தகரக் கூரைக்கு நேர் அடியிலும் மாட்டாதீர்கள். அந்த உயரத்தில் கொட்டகையின் சூடெல்லாம் வந்து தங்கும். தோள் உயரம் நல்லது.

ஃபின்கள் நின்றவாக்கில் இருக்க வேண்டும், படுத்தவாக்கில் கூடாது. சூடான காற்று தானாக மேலே போவதை நம்பித்தான் ஃபேன் இல்லாத இன்வெர்ட்டர்கள் ஓடுகின்றன. மேலும் கீழும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று கையேடு சொல்லும். தெரியாவிட்டால் 30 சென்டிமீட்டருக்குக் குறையாதீர்கள். இரண்டு இன்வெர்ட்டரை ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டினால் கீழே இருப்பதன் சூட்டை மேலே இருப்பது குடிக்கும். பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள்.

ஐஸ் கம்பெனிக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. கம்ப்ரசர் ரூமில் டிரைவை வைக்காதீர்கள். அமோனியா செம்பையும் பித்தளையையும் தின்னும். கான்டாக்டர், லக், ஃபேனின் காயில், போர்டின் டிராக் எல்லாம் அதற்கு இரை. நடுவே ஒரு சுவர் வைத்து, கேபிள் வரும் ஓட்டையைக் கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடிக்கும் மூடி) போட்டு அடையுங்கள். கிளாண்ட் போடாத ஓட்டை பல்லிக்கும் வாசல்தான். பஸ்பாரில் பல்லி விழுந்து போன டிரைவுகளைத் தனியாக எண்ணினால் அதுவே ஒரு பட்டியல் வரும்.

பெட்டியைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் புதியவர்கள் இரண்டு பக்கமும் வழுக்குகிறார்கள். ஒருவர் உப்புக்குப் பயந்து டிரைவை இறுக்கமான பெட்டிக்குள் அடைப்பார். இன்னொருவர் சூட்டுக்குப் பயந்து பெட்டியின் நான்கு பக்கமும் ஓட்டை போடுவார்.

முதலாவதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 சென்டிமீட்டர் உயரம், 60 அகலம், 30 ஆழமுள்ள பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி. சுவரில் ஒட்டிய முதுகை விட்டுவிட்டால் வெளியே தெரியும் பரப்பு 1.3 சதுர மீட்டர் சுமார். இப்படிப்பட்ட பெட்டி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, ஏறக்குறைய 5.5 வாட் வெளியே விடும். பெருக்கினால் டிகிரிக்கு 7 வாட் சொச்சம். உள்ளே 225 வாட் பிறந்தால் 31 டிகிரி ஏறும். வெளியே 36 என்றால் உள்ளே 67. பெரும்பாலான டிரைவுகளுக்கு 40 டிகிரி வரைதான் முழு லோடு. சிலவற்றுக்கு 50. ஆக இறுக்கமாக அடைத்தால் உப்பு நுழையாது, டிரைவும் ஓடாது.

இரண்டாவதற்குக் கணக்கே வேண்டாம். உப்பு நேராகப் போர்டுக்குப் போகும்.

நான் சொல்வது மூன்றாவது வழி. டிரைவின் சிங்க் மட்டும் பெட்டியின் முதுகை வெட்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, போர்டு இருக்கும் முன்பக்கம் இறுக்கமான பெட்டிக்குள் இருப்பது. பல டிரைவ் மாடல்களுக்கு இப்படி மாட்ட ஃபிளாஞ்ச் கிட் தனியாகக் கிடைக்கும். பெட்டிக்கும் சிங்குக்கும் நடுவே ரப்பர் கேஸ்கெட். சூட்டில் ஐந்தில் நான்கு பங்கு வெளியே போய்விட்டால் உள்ளே மிச்சம் 45 வாட், அதாவது ஆறு ஏழு டிகிரிதான் ஏறும். அதே பெட்டி, அதே டிரைவ். முதுகுப் பக்கம் காற்றுப் போக ஒரு இடைவெளி விட்டு, மேலே மழைத் தகடு போட வேண்டும், அவ்வளவுதான் கூடுதல் வேலை. உள்ளூர் பேனல் கடைக்காரர்கள் இதைக் கேட்டால் "எதுக்கு சார் வெட்டிக்கிட்டு" என்பார்கள். வெட்டச் சொல்லுங்கள்.

அதற்கு வழியில்லை, வழக்கமான டிரைவை ஃபேன் வைத்த பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்றால்: ஃபேனை மேலே வைத்து உறிஞ்சுவதைவிட, கீழே வடிகட்டியோடு வைத்து உள்ளே தள்ளுவது நல்லது. உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் கதவு இடுக்கு வழியாகத் தூசி நுழையாது, ஃபேனும் குளிர்ந்த காற்றில் ஓடும். எவ்வளவு காற்று வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு: வாட்டை 3ஆல் பெருக்கி, எத்தனை டிகிரி ஏற விடலாமோ அதனால் வகுத்தால் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். 225 வாட், 10 டிகிரி என்றால் 70 சுமார். 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று வடிகட்டி இல்லாமல் 150 வரை தரும், வடிகட்டி போட்டால் பாதியாகும், வடிகட்டி நனைந்தால் அதிலும் பாதி. ஆகவே வடிகட்டி போட்ட கணக்குக்கு இரண்டு மடங்கு ஃபேன் வாங்குங்கள். வடிகட்டி உப்பை முழுதாக நிறுத்தும் என்று நம்பாதீர்கள், கடல் காற்றின் நுண்துளி ஸ்பாஞ்சைத் தாண்டிவிடும். அதனால் இந்த வகைக்குப் போர்டில் வார்னிஷ் பூசிய மாடலையே கேட்டு வாங்க வேண்டும். விலைப்பட்டியலில் 3சி3 வகை என்று போட்டிருப்பார்கள்.

ஃபேன் வாங்கும்போது பால் பேரிங், நீர் புகாத வகை என்று பாருங்கள். மலிவான புஷ் வகை இங்கே நிற்காது.

மாட்டும் திருகுகளுக்கு 316 வகை எவர்சில்வர். 304 இங்கே சில மாதத்திலேயே பழுப்புக் கசியும்.

பேஸ்ட் பூசுவது

மாட்யூல் மாற்றும் வேலை இப்போதே உங்களுக்கு வராமல் இருக்கலாம். வரும்போது இது தெரியவில்லை என்றால் புது மாட்யூலும் போகும். அதனால் இதை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன்.

அடித்தகடும் சிங்கும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நடுவே நுண்ணிய பள்ளங்கள் உண்டு. அதில் காற்று நின்றால் தொலைந்தது. காற்றின் வெப்பம் கடத்தும் திறன் 0.026, சுமாரான பேஸ்டுக்கே 1, அலுமினியத்துக்கு 200ஐ ஒட்டி, செம்புக்கு 400. பேஸ்டின் வேலை பள்ளத்திலிருந்து காற்றை வெளியேற்றுவது. உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்தில் பேஸ்ட் தேவையே இல்லை. ஆகவே அதிகம் பூசினால் நல்லது என்பது தலைகீழ் எண்ணம். 45க்கு 107 மில்லிமீட்டர் அடித்தகட்டில் 0.1 மில்லிமீட்டர் பேஸ்ட் இருந்தால் 200 வாட்டுக்கு 4 டிகிரி ஏறும். 0.3 மில்லிமீட்டர் அப்பினால் 12 டிகிரிக்கு மேல்.

முதலில் பழைய பேஸ்டை மர ஸ்பூனால் அல்லது பழைய பிளாஸ்டிக் கார்டால் சுரண்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், கீறல் விழும். மிச்சத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பஞ்சு வராத துணியும் வைத்துத் துடையுங்கள். துடைப்பதற்கு முன் பழைய தடத்தை ஒரு நிமிடம் பாருங்கள், ஏனென்றால் அது நிறையச் சொல்லும். நான்கு மூலையிலும் மெல்லியதாகவும் நடுவே தடியாகவும் இருந்தால் சிங்க் பள்ளமாக இருக்கிறது அல்லது திருகு ஒழுங்காக இறுக்கவில்லை. நடுவே பேஸ்டே இல்லாமல் விளிம்பில் ஒதுங்கியிருந்தால் பல முறை சூடாகி ஆறி, பேஸ்ட் வெளியே தள்ளப்பட்டிருக்கிறது. காய்ந்து சுண்ணாம்பு போல உதிர்ந்தால் வயதாகிவிட்டது. ஓரத்தில் பச்சையும் வெள்ளையும் பூத்திருந்தால் உப்பு நீர் உள்ளே இறங்கியிருக்கிறது. செம்புத் தகடும் அலுமினியமும் ஈர உப்பில் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் அரிபடும்.

சிங்க் முகத்தில் இரும்பு ஸ்கேலின் விளிம்பைக் குறுக்கே வைத்து, பின்னால் டார்ச் அடியுங்கள். வெளிச்சம் நன்றாகக் கசிந்தால் மட்டம் இல்லை. நூறு மில்லிமீட்டர் நீளத்துக்கு 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். அரிப்புப் பள்ளம் விழுந்திருந்தால் பேஸ்டால் நிரப்பிச் சமாளிக்க வேண்டாம், லேத் பட்டறையில் கொடுத்து முகம் எடுத்து வாருங்கள்.

மாட்யூலைத் தொடும் முன் எர்த் பட்டையைக் கையில் மாட்டுங்கள். அதன் கேட் கால்கள் (சில்லைக் கட்டுப்படுத்தும் முனைகள்) நிலைமின்னுக்குத் தாங்காது.

அளவு: மேலே சொன்ன அடித்தகட்டுக்கு 0.08 மில்லிமீட்டர் படலம் வேண்டும் என்றால் அரை மில்லிக்கும் குறைவான பேஸ்டே போதும். மருந்துக் கடையில் கிடைக்கும் 2 மில்லி சிரிஞ்சில் அடைத்து அளந்து வையுங்கள். பிறகு சின்ன ரப்பர் ரோலரால் அல்லது கார்டால் அடித்தகடு முழுக்கச் சமமாக இழுத்து விடுங்கள். மாட்யூல் கம்பெனி ஸ்டென்சில் படம் கொடுத்திருந்தால் அதுதான் சிறந்தது. மாட்யூலை நேராக வையுங்கள், வைத்த பிறகு இழுக்காதீர்கள்.

திருகு: முதலில் எதிரெதிர் மூலையாக, லேசாக 0.5 நியூட்டன் மீட்டர் அளவுக்கு. ஐந்து பத்து நிமிடம் விடுங்கள், பேஸ்ட் பரவட்டும். அப்புறம் அதே வரிசையில் முழு இறுக்கம். எம்5 திருகுக்குப் பொதுவாக 2.5 முதல் 5 வரை சொல்வார்கள், உங்கள் மாட்யூலின் டேட்டாஷீட்டில் இருப்பதே சரி. டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை இறுக்கத்தை நம்பிச் செய்கிறவர்கள் இந்தக் கரையில் நிறையப் பேர். ஒரு மூலையை முதலிலேயே முழுதாக இறுக்கினால் எதிர் மூலை தூக்கும், உள்ளே இருக்கும் செராமிக் விரிசல் விடவும் கூடும்.

முதல் முறை மாட்டிய பிறகு ஒருமுறை கழற்றித் தடத்தைப் பார்த்துவிட்டு, துடைத்து மறுபடி பூசி மாட்டுங்கள். பேஸ்ட் கொஞ்சம் வீண், மாட்யூல் வீணாகாது.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. சில டிரைவுகளில் வெப்ப சென்சார் மாட்யூலுக்குள்ளேயே இருக்கும். சிலவற்றில் சிங்கில் திருகியிருக்கும். சிங்கில் இருக்கும் வகையில் பேஸ்ட் கெட்டால் சில்லு வெந்துகொண்டிருக்கும்போதும் திரையில் சிங்க் வெப்பம் நல்லபிள்ளையாகவே தெரியும். ட்ரிப் வராமல் நேராக வெடிக்கும் மாட்யூல்களில் பல இந்த வகை.

அளப்பது

இன்ஃப்ராரெட் கன்னை நேராக அலுமினிய சிங்கில் அடித்து "45தான் சார்" என்று சொல்லாதீர்கள். பளபளப்பான அலுமினியம் தன் சூட்டைக் கதிராக வெளியே விடுவது மிகக் குறைவு, கருவி குறைத்தே காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை சிங்கில் ஒட்டி, அது சூடேறியதும் அந்த டேப்பில் அடியுங்கள். கறுப்பு ஆனோடைஸ் செய்த சிங்கானால் நேராக அடிக்கலாம்.

மூன்று இடம் பாருங்கள்: பெட்டிக்குள் நுழையும் காற்று, வெளியேறும் காற்று, சிங்க். முழு லோடில் அரை மணி நேரம் ஓடிய பிறகு. நுழைவதற்கும் வெளியேறுவதற்கும் வித்தியாசம் அதிகம் என்றால் காற்று போதவில்லை: வடிகட்டி, ஃபேன். அந்த வித்தியாசம் குறைவு, சிங்க் மட்டும் கொதிக்கிறது என்றால் காற்று ஃபின் வழியே போகாமல் பக்கவாட்டில் தப்புகிறது அல்லது ஃபின் அடைத்திருக்கிறது. மூன்றும் சரி, ஆனாலும் ட்ரிப் என்றால் பேஸ்ட் அல்லது லோடு. புதிதாக மாட்டிய நாளில் எடுத்த இந்த மூன்று எண்ணையும், கரண்டையும், பேனல் கதவின் உட்புறம் மார்க்கரால் எழுதி வைத்துவிட்டு வாருங்கள். அடுத்து வருகிறவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

எப்போது சுத்தம் செய்வது

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஐஸ் கம்பெனிகள் அப்போதுதான் மூச்சு விடும். டிரைவ் பராமரிப்பை அந்த நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் முடிவில். முதலிலேயே சுத்தம் செய்து மூடிவிட்டால், அணைந்து கிடக்கும் பெட்டி இரவில் குளிர்ந்து உள்ளே வியர்க்கும். அணைத்து வைக்கும் காலத்தில் சின்ன பேனல் ஹீட்டரோ, சப்ளையோ தொடர்ந்து இருப்பது நல்லது. தடை முடிந்து முதல் நாள் ஓட்டும் முன் கதவைத் திறந்து ஈரம் பாருங்கள். மோட்டாருக்கு மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) போடுவீர்கள். டிரைவிலிருந்து வயரைக் கழற்றிவிட்டுப் போடுங்கள், மெகர் வோல்டேஜ் மாட்யூலுக்கு ஆகாது.

இறால் பண்ணையில் குளம் காயவைக்கும் இடைவெளியில் செய்யலாம். ஆனால் கச்சான் காலத்தில் மாதம் ஒருமுறையாவது வடிகட்டியும் ஃபின் வாயும் பார்க்க வேண்டும்.

காய்ந்த தூசிக்குப் பெயின்ட் பிரஷும் வேக்குவம் கிளீனரும் போதும். கம்ப்ரசர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் வரும், அதை போர்டு பக்கம் காட்டாதீர்கள். ஃபின்னில் அடித்தாலும், ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போகும், திரும்ப மின்சாரமும் உண்டாகும். ஃபின்னில் படிந்த உப்பு பிரஷுக்கு அசையாது. பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிங்கானால், எல்லா சப்ளையையும் அணைத்து, ஃபேனைக் கழற்றிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்த பிரஷால் தேயுங்கள். பண்ணைப் போர்த் தண்ணீர் வேண்டாம், அதுவே உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் குழாயில் பிடித்து எடுத்துப் போங்கள், அல்லது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். முழுதாகக் காய்ந்த பிறகே ஆன்.

ட்ரிப் ஆகி, பகலுக்குள் ஓட்டியாக வேண்டும் என்றால்

ஏரேட்டர் (குளத்து நீரில் காற்றைக் கலக்கும் துடுப்பு எந்திரம்) நின்றால் இறால் போய்விடும், பண்ணைக்காரர் பக்கத்திலேயே நிற்பார். அப்போது சமாளிக்கச் சில வழி உண்டு. டிரைவின் காரியர் ஃப்ரீக்வென்சி (சில்லுகள் நொடிக்கு எத்தனை முறை சுவிட்ச் ஆகின்றன என்பது) 8 கிலோஹெர்ட்ஸில் இருந்தால் 4க்கு இறக்குங்கள். சுவிட்ச் ஆகும்போது வரும் இழப்பு ஏறக்குறைய பாதியாகும். மோட்டார் கொஞ்சம் கீச்சிடும், பரவாயில்லை. வேகத்தை 50 ஹெர்ட்ஸிலிருந்து 45க்குக் குறைத்தால் ஃபேன், பம்பு, துடுப்பு போன்ற லோடுகளில் கரண்ட் நன்றாகவே குறையும். கதவைத் திறந்து பெடஸ்டல் ஃபேன் வைப்பது எல்லோரும் செய்வது. ஒரு இரவு தாங்கும். ஒரு மாதம் அப்படியே விட்டால் போர்டு பச்சை பூக்கும். ட்ரிப் வரம்பை உயர்த்துவதும், சென்சாரை ஷார்ட் செய்வதும் செய்யவே கூடாது.

பிறகு புதிதாக வாங்கும்போது 10 ஹெச்.பி. மோட்டாருக்கு 15 ஹெச்.பி. டிரைவைச் சொல்லுங்கள். இழப்பு ஏறக்குறைய அதேதான், சிங்க் பெரியது.

சுத்தம் செய்து, ஃபேன் மாற்றி, பேஸ்டும் புதிதாகப் பூசிய டிரைவ் மறுபடியும் அதே மாதத்தில் ட்ரிப் ஆனால், அதற்குப் பிறகு சிங்கைத் தொடாதீர்கள். மோட்டாரைக் கழற்றிக் கையால் சுற்றிப் பாருங்கள். பேரிங்கில் உப்பு ஏறி இறுகியிருக்கும், அல்லது துடுப்பில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருக்கும். கரண்ட் எண்ணைப் பேனல் கதவில் எழுதியதோடு ஒப்பிட்டால் அதை அரை நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம்.